அக்காவை இருத்திய வீடு

இங்கிலாந்துக்கு நான் பலமுறை போயிருக்கிறேன். ஆனால் இங்கிலாந்தைப் பார்த்ததில்லை. எங்கள் ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மொன்றியலில் விமானம் ஏறி லண்டனில் இறங்கினால் அக்கா வீட்டு வான் வண்டி விமான நிலைய வாசலில் நிற்கும். பிறகு அக்கா வீடு, கலியாண மண்டபம், ஒன்றுவிட்ட அண்ணை வீடு, சித்தப்பா வீடு, மறுபடி அக்கா வீடு. ஒரு வீட்டில் சாப்பிட்டு இன்னொரு வீட்டில் சாப்பிடாமல் வந்துவிட்டால் அந்தக் கதை அடுத்த தலைமுறை வரைக்கும் ஓடும். ஆகவே எல்லா வீட்டிலும் சாப்பிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு திரும்பி வருவோம். நான் கண்ட இங்கிலாந்து, வானின் கண்ணாடிக்கு வெளியே ஓடிய மதில்கள்தான்.

இந்தச் சுற்றில் எனக்கு ஒரு தீராத குறை இருந்தது. அக்கா ஒருநாளும் என் வீட்டுக்கு வந்ததில்லை. சண்டைக் காலத்தில் ஏஜென்சிக்காரனை நம்பிப் புறப்பட்டு, பெயர் தெரியாத ஊர்களில் பூட்டிய அறைகளுக்குள் கிடந்து, ஒரு விமானத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறி மாறி லண்டன் வந்து சேர்ந்தவர் அவர். இறங்கிய அன்றே, "இனிச் செத்தாலும் பிளேன் ஏறமாட்டன்" என்று சொன்னாராம். சொன்ன சொல்லில் நின்றார். என் கலியாணத்துக்கு வரவில்லை. மகள் பிறந்தபோது வரவில்லை. மொன்றியலில் லாசால் பகுதியில் நாங்கள் வீடு வாங்கியபோதும் வரவில்லை. அவருக்குப் பதிலாக, லண்டனிலிருந்து மொன்றியலுக்கு வருகிற ஒவ்வொருவர் பெட்டியிலும் அவர் வறுத்து இடித்த கறித்தூள் வந்தது.

நாங்கள் அங்கே போனால் அவர் என்னை இருத்தி வைத்துச் சாப்பாடு போடுவார். எனக்கு ஐம்பது கடந்துவிட்டது. எவ்வளவு சோறு வேண்டும் என்று இன்னும் அவர்தான் தீர்மானிப்பார். நான் குசினிப் பக்கம் போனால், "நீ போய் இரு, உனக்கு இதுகள் தெரியாது" என்பார். தான் மட்டும் இருக்கவே மாட்டார். நின்றுகொண்டே பரிமாறி, நின்றுகொண்டே சாப்பிட்டு, நின்றுகொண்டே சட்டி கழுவுவார். எனக்கு வாழ்க்கையில் ஒரேயொரு முறை அவரை என் வீட்டுக் கதிரையில் இருத்தி, என் கையால் சமைத்துப் போட வேண்டும். இதில் பாசமும் உண்டு, கொஞ்சம் பழி தீர்க்கும் எண்ணமும் உண்டு. இரண்டையும் நான் மறைக்கவில்லை.

வழி காட்டியது மகள். எங்களுக்குக் கிட்ட, நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் தனியாக இருக்கிற அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பிட வருவாள். என் புலம்பலைக் கேட்டுக் கேட்டுச் சலித்து, பாதி பிரெஞ்சிலும் பாதித் தமிழிலும் ஒருநாள் சொன்னாள். "அம்மா, பெரியம்மா இஞ்ச வரமாட்டா. நீங்கள் அங்க போய் ஒரு வீடு எடுங்கோ. ஒரு கிழமைக்கு அது உங்கட வீடுதானே." பிறகு தன் கணினியைத் திறந்து, லண்டனிலிருந்து இரண்டு மணித்தியால ஓட்டத்தில் ஒரு சின்னக் கிராமத்தையும், அதற்குள் தேன் நிறக் கல்லால் கட்டிய ஒரு பழைய வீட்டையும் காட்டினாள். கூரையே கல். சுவர் ஒரு முழத்துக்கும் மேல் தடிப்பு. சோறு ஆறுவதற்குள் ஏழு நாளுக்கு வீடு பதிவாகிவிட்டது.

அக்காவுக்கு இதைச் சொல்லத் தொலைபேசி எடுத்தேன். கணவர், "நீர் வடிவா யோசிச்சுக் கதையும்" என்றார். நான் யோசிக்கவில்லை.

"அக்கா, இந்த முறை நாங்கள் ஒரு கிழமைக்கு வேற வீடு எடுத்திருக்கிறம்."

மறுமுனையில் சட்டியை இறக்கி வைக்கிற சத்தம் கேட்டது.

"ஏன், என்ர வீட்டில பாய் விரிக்க இடமில்லையோ?"

"அப்பிடியில்லை அக்கா. நீங்களும் அத்தானும் அங்க வந்து எங்களோட நில்லுங்கோ."

"உடன்பிறந்தவள் இருக்கேக்க காசு குடுத்துத் தங்கிற அளவுக்கு வந்திட்டுதோ? சனம் என்ன கதைக்கும்?"

"சனத்தை விடுங்கோ. நீங்கள் வருவீங்களோ?"

"வருவன். வீட்டைப் பாப்பன். திரும்பிப் போவன். உன்ர வீட்டில ஒரு வாய் தண்ணி குடிக்கமாட்டன்."

எங்கள் ஆட்களிடம் இதைவிடப் பெரிய ஆயுதம் கிடையாது. கோபம் என்றால் கத்துவோம், அழுவோம், அதெல்லாம் ஆறிவிடும். ஒருவர் வீட்டில் கை நனைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டால் அது வேறு கணக்கு. அன்று முழுக்க நான் அழுதேன். மறுநாள் எனக்கு ரோசம் வந்துவிட்டது. அக்கா சாப்பிடாமல் அந்த வீட்டு வாசலைத் தாண்டக்கூடாது என்று முடிவு கட்டிக்கொண்டுதான் பெட்டி அடுக்கினேன்.

அந்தக் கிராமம் படத்தில் இருந்தது போலவே இருந்தது. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது. ஒரு தெரு, ஒரு தேவாலயம், ஒரு மதுச்சாலை, ஓர் இறைச்சிக்கடை. ஆட்களைக் காணவில்லை, பூனைகள் இருந்தன. எங்கள் வீட்டு வாசல் கதவு அவ்வளவு பதிவு, ஆள் குனிந்துதான் போக வேண்டும். கணவர் முதல் நாளே இரண்டு தரம் தலையை இடித்துக்கொண்டார். மூன்றாவது தரம் குனிந்து போய், நிமிரும்போது உள்ளே கூரையைத் தாங்கிய தீராந்தி மரத்தில் இடித்துக்கொண்டார்.

வீட்டுக்காரி பக்கத்து வீட்டில்தான் இருந்தார். எழுபது வயதைத் தாண்டியவர். முழங்கால் வரை றப்பர் சப்பாத்து, கையில் மண். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, சமைக்கும்போது சன்னலைத் திறந்து வைக்க வேண்டும், கல்லுக்கு ஈரம் ஆகாது என்று அன்பாகச் சொல்லிவிட்டு, "இந்த வீடு உங்கள் கனடாவைவிட வயதில் மூத்தது" என்று சிரித்தார். கணவர் நெற்றியைத் தடவிக்கொண்டே என்னிடம் தமிழில், "அப்ப எங்கட ஊர்க் கோயிலைப் பாத்தா இவா என்ன சொல்லுவா?" என்றார். நான் வீட்டுக்காரிக்குப் பிரெஞ்சில் 'மெர்சி' என்று நன்றி சொன்னேன். மொன்றியலில் இத்தனை வருடம் இருந்தால் வாய் அப்படித்தான் பழகிவிடும்.

பிறகு குசினிக்குள் எட்டிப் பார்த்தேன். ஒரு காலத்தில் போறணை அடுப்பு வைத்துப் பாண், ரொட்டி சுட்ட இடமாம். கல்லைக் குடைந்து செய்த பொந்து மாதிரி இருந்தது. ஓர் ஆள் நின்றால் இன்னோர் ஆள் மூச்சு விட முடியாது. அதற்குள் பாதி இடத்தைப் பிடித்துக்கொண்டு பச்சை எனாமல் பூசிய ஓர் இரும்பு அடுப்பு. இரவும் பகலும் அது தானாகவே சூடாக இருக்கும். மேலே இரண்டு கனத்த மூடிகள். இடப்பக்க மூடியைத் தூக்கினால் கொதிக்கும் தட்டு, வலப்பக்கத்தில் மெல்லச் சூடாகும் தட்டு. கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகுகூடக் கிடையாது.

அலுமாரிக்குள் சட்டிகள் இருந்தன. ஆனால் யார் யார் எதை எதைக் காய்ச்சினார்களோ. நானும் அக்காவின் தங்கச்சிதானே. பக்கத்து ரவுணில் கடைக்குப் போய் மச்சத்துக்கு, அதாவது மீன் இறைச்சிக்கு, ஒன்று, மரக்கறிக்கு நாலு என்று புதுச் சட்டி வாங்கிக்கொண்டுதான் அடுப்பைத் தொட்டேன்.

அடுப்பு என்னை மதிக்கவில்லை. முதல் நாள் சோறு அடியில் கரி, மேலே அரிசி. இரண்டாம் நாள் பருப்பு பகல் முழுக்க வேகாமல் கிடந்து, நான் ஒரு நிமிடம் முகம் கழுவப் போன நேரத்தில் பொங்கி அடுப்பெல்லாம் ஓடியது. கணவர் இரண்டையும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிட்டு, "ஒரு பக்கம் வெந்திருக்கு, மற்றப் பக்கம் இனி வேகும்" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அகப்பையை எறிந்திருப்பேன். எறிய அந்தக் குசினியில் இடம் இல்லை. ஆனால் நான் விடவில்லை. சட்டிக்குள் வெறும் தண்ணீரை வைத்து இந்தத் தட்டுக்கும் அந்தத் தட்டுக்கும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். கடைசியில் பிடிபட்டது. இந்த அடுப்பில் நெருப்பு அசையாது, சட்டிதான் அசைய வேண்டும். கொதி வந்ததும் பாதியை மற்றத் தட்டுக்கு இழுக்க வேண்டும். சோற்றை மூடி, அடுப்பின் கீழ்ப்பக்கம் இரும்புக் கதவு போட்டிருக்கும் சின்ன அறைக்குள் தள்ளிவிட வேண்டும். அன்று பின்னேரம் பொலபொலவென்று சோறு வந்தபோது நான் தனியே நின்று கை தட்டினேன்.

அக்கா சனிக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார். இறைச்சிக் கறி முதல் நாளே காய்ச்சி வைத்தால்தான் தூள் ஊறி ருசி பிடிக்கும். கணவர் கடையில் நல்ல ஆட்டிறைச்சி வாங்கி வந்தார். காலையில் முழுகிவிட்டு, தாளித்து, இறைச்சியைப் போட்டு, தூளைப் போட்டுப் பிரட்டினேன். இறைச்சி வெந்து முடிய, கல்வீடு முழுக்க யாழ்ப்பாணம் மணந்தது. எனக்கு உள்ளுக்குள் பெரிய சந்தோசம். அப்போது வெளியே வான் கதவு இழுபடுகிற சத்தம் கேட்டது.

கணவர் ஓடிப்போய், "தலை! தலை!" என்று கத்தினார். அத்தான் குனிந்தார். அக்கா ஆள் கட்டை. குனியாமல் கொள்ளாமல், நிமிர்ந்தபடி நேராக உள்ளே வந்தார். அந்த வாசல் அவருக்காகவே கட்டினது மாதிரி இருந்தது. வந்ததும் மூக்கை உயர்த்தினார்.

"என்ன மணக்குது?"

"இறைச்சி."

"இண்டைக்கு என்ன கிழமை?"

நான் கணவரைப் பார்த்தேன். அவர் தீராந்தியைப் பார்த்தார். நாளைக்குச் சனி என்று எண்ணத் தெரிந்த எங்களுக்கு, அப்படியானால் இன்றைக்கு வெள்ளி என்பது விடுமுறை மயக்கத்தில் புத்தியில் படவே இல்லை.

"வெள்ளிக்கிழமை, அடுப்பில மச்சம்! ஏன், கனடாவில வெள்ளிக்கிழமை வாறேல்லையோ?"

"நீங்கள் நாளைக்கெல்லோ வாறன் எண்டனீங்கள்?"

"எண்டனான்தான். மனம் கேக்கேல்லை, வந்திட்டன். வந்ததும் நல்லதாப் போச்சு. இல்லாட்டி இந்தக் கூத்தை ஆர் பாக்கிறது?"

வானிலிருந்து சட்டிகள் இறங்கத் தொடங்கின. சாம்பார், கத்தரிக்காய்ப் பொரிச்ச குழம்பு, பயத்தங்காய், கீரை, தனிப் பெட்டியில் அப்பளமும் மோர்மிளகாயும். விடிய முதல் எழும்பிச் சமைத்திருக்கிறார். எனக்கு அவருடைய திட்டம் விளங்கிவிட்டது. என் வீட்டில் கை நனைக்காமல் இருக்க, தன் வீட்டையே வானில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார். வெள்ளிக்கிழமையும் அவர் பக்கம். என் கறியை யாரும் தொட முடியாது. அடுப்படியில் நின்ற எனக்குக் கண்ணீர் முட்டியது. தோற்றுப்போனேன் என்றுதான் நினைத்தேன்.

"நீ தள்ளு, நான் சூடாக்கிறன்" என்று அக்கா குசினிக்குள் வந்தார். இரண்டு பேர் நிற்க முடியாதே. நான் இறைச்சிச் சட்டியோடு வெளியே வந்தேன். கணவர் அதைத் துணியால் பிடித்து வாங்கிக்கொண்டு, வீட்டின் பின்வளவு மூலையில் இருந்த கொட்டிலுக்குக் கொண்டுபோய்ப் பூட்டினார்.

அக்கா சாம்பார்ச் சட்டியோடு அடுப்பின் முன்னால் நின்று தடவித் தடவிப் பார்த்தார்.

"இதுக்குத் திருகு எங்க?"

"இல்லை."

"அப்ப நெருப்பை எப்பிடிக் குறைக்கிறது?"

"ஏலாது."

"மைக்ரோவேவ்?"

"அதுவும் இல்லை."

ஒவ்வொரு 'இல்லை'யையும் நான் ருசித்துச் சொன்னேன். அக்கா விடுகிற ஆளா? இடப்பக்க மூடியைத் தூக்கி, சட்டியை நடுவில் வைத்துவிட்டு, அகப்பை தேடினார். அகப்பை கிடைப்பதற்குள் சாம்பார் சீறியது. "குறை, குறை!" என்று கத்திக்கொண்டு அவர் இல்லாத திருகைத் தேடுகிறார். நான் வாசலில் நின்றபடியே எட்டிக் கையை நீட்டி, ஒரே இழுவையில் சட்டியை மற்றத் தட்டுக்கு மாற்றினேன். சத்தம் அடங்கியது. ஆனால் கருகல் மணம் வந்துவிட்டது. அக்காவின் சட்டி அடிப்பிடித்து நான் கண்டது அன்றைக்குத்தான்.

அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் இந்தத் தருணம் போனால் திரும்பி வராது என்று தெரிந்தது. அக்கா அடுத்த சட்டியைத் தூக்கப் போனார்.

"அஸ்ஸீ!" என்றேன்.

நான் கார்டெரியில், சின்னப் பிள்ளைகளின் காப்பகத்தில், வேலை செய்கிறேன். மூன்று வயதுப் பிள்ளைகளை மேசையைச் சுற்றி இருத்திச் சாப்பிட வைப்பதுதான் என் பிழைப்பு. 'இரு' என்பதற்கு அங்கே சொல்கிற பிரெஞ்சு அது. கத்தத் தேவையில்லை, ஒரு குரல் இருக்கிறது, அந்தக் குரலில் சொன்னால் ஓடுகிற பிள்ளையும் இருந்துவிடும். அது அக்காவிடம் வெளிப்படும் என்று நான் நினைக்கவே இல்லை. அக்காவுக்குப் பிரெஞ்சில் ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் குசினியை விட்டு வெளியே வந்து, தடித்த சுவருக்குள் சன்னலோடு சேர்த்துக் கட்டியிருந்த இருக்கையில் பொத்தென்று இருந்தார். அத்தான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கலியாணம் செய்து இத்தனை வருடத்தில் தனக்கு இந்த வித்தை தெரியாமல் போச்சே என்று பிறகு கணவரிடம் சொல்லிச் சொல்லிக் கவலைப்பட்டாராம்.

"இது என்ர வீடு அக்கா. இண்டைக்கு நீங்கள் இருங்கோ, நான் சமைக்கிறன்."

"மச்சம் காய்ச்சின அடுப்பில நான் சாப்பிடமாட்டன்."

"அடுப்பைத் துடைக்கிறன். சட்டி புதுசு, மரக்கறிக்கெண்டே வாங்கினது."

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "முழுகினனியோ?"

"முழுகினனான்."

அக்கா இருக்கையில் பின்னால் சாய்ந்தார்.

கணவர் வேலிக்கு மேலால் வீட்டுக்காரியைக் கூப்பிட்டு நிலைமையைச் சொல்ல, அந்த மனுசி மண்ணோடு பிடுங்கி, தடித்த வெங்காயத்தாள் மாதிரி ஒரு கட்டு லீக்ஸும் கொஞ்ச உருளைக்கிழங்கும் தந்தார். சன்னல்களை எல்லாம் திறந்துவிட்டேன். அரிசியைக் கொதிக்க வைத்துக் கீழ் அறைக்குள் தள்ளினேன். பருப்பை இடத்திலிருந்து வலத்துக்கு இழுத்து, உள்ளிப்பூண்டு போட்டு, தேங்காய்ப்பால் விட்டேன். லீக்ஸை மெல்லிசாக அரிந்து வதக்கினேன். கிழங்கை அவித்துத் தூள் போட்டுப் பிரட்டல் வைத்தேன். தூள் நான் மொன்றியலில் வறுத்தது. சட்டிகள் இரண்டு தட்டுகளுக்கும் நடுவே என் சொல் கேட்டு அங்கும் இங்கும் நகர்ந்தன. கையில் ஓர் அகப்பை, தோளில் ஒரு துணி. அந்தப் பொந்துக்குள் நான் ராசாத்தி மாதிரி நின்றேன். இதை அடக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அக்கா இருந்த இடத்திலிருந்து அதிகாரத்தை விடவில்லை. "உப்புப் பாத்தனியோ? லீக்ஸை நல்லாக் கழுவு, மண் இருக்கும். பருப்புக்கு எப்ப பால் விட்டனி?"

"பேசாமல் இருங்கோ."

"சொல்லக்கூடாதோ?"

"கூடாது."

மேசைக்கு எல்லாம் வந்தது. ஒரு பக்கம் அக்காவின் ஆறிய கறிகள், மறுபக்கம் ஆவி பறக்கிற என் கறிகள். அத்தான் அக்காவைப் பார்க்காமலே என் பருப்பைப் போட்டுக்கொண்டார். அக்கா தன் பயத்தங்காயைக் கொஞ்சம், கீரையைக் கொஞ்சம் தன் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்தார். சோறு எடுக்கவில்லை. நான் சோற்றுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

வேண்டாம் என்றால் எங்கள் ஆட்கள் வாயால் சொல்வது குறைவு. கையை விரித்துக் கோப்பைக்கு மேலே பிடிப்பார்கள். நான் அவர் வலக்கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தக் கை மேசையில் கிடந்தது. ஓர் அகப்பை சோறு போட்டேன். கை வரவில்லை. பருப்பு விட்டேன், லீக்ஸ் வைத்தேன், கிழங்கு வைத்தேன். எவ்வளவு என்று நான்தான் தீர்மானித்தேன். அக்கா குழைத்து முதல் வாயை வைத்தார். மென்றார். கணவரின் கை பாதி வழியில் நின்றுவிட்டது.

"தூள் ஆர் வறுத்தது?"

"நான்தான்."

"கொஞ்சம் கூட வறுத்திட்டாய்" என்று சொல்லிவிட்டுக் கோப்பையை என் பக்கம் தள்ளினார். "பருப்பு இன்னுங் கொஞ்சம் விடு."

நான் பருப்பு விட்டேன். அவசரத்தில் மேசையிலும் கொஞ்சம் சிந்தியது. பிறகு குசினிக்குள் போய், அந்த இரும்பு அடுப்பின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, சந்தோசத்தில் விம்மி விம்மி அழுதேன். நல்லவேளை, அதற்குள் வேறு ஒருவரும் வர முடியாது.

சாப்பிட்டு முடிய அக்கா கோப்பை கழுவ எழும்பினார். குசினி வாசலில் நான் நின்றேன். அவர் திரும்பிப் போய், சன்னல் இருக்கையில் காலை மடித்து இருந்தார். நான் கழுவி முடித்து வந்து பார்த்தால், வெயில் முகத்தில் படுவதுகூடத் தெரியாமல் வாய் திறந்தபடி நித்திரை. இருக்கவே இருக்காத மனுசி. அத்தான் என் காதோடு, "பகலில இவா நித்திரை கொண்டு நான் காணேல்லை" என்றார். நாங்கள் மூவரும் ஓசைப்படாமல் தேத்தண்ணி குடித்தோம். எழும்பியதும் அவருக்கும் ஒன்று ஊற்றிக் கொடுத்தேன். வாங்கிக் குடித்தார்.

பின்னேரம் அத்தான் வானைப் பூட்டித் திறக்கும் திறப்பைக் கையில் எடுத்தார். இருட்ட முதல் வெளிக்கிட வேண்டுமாம். அக்கா அசையவில்லை.

"அந்த இறைச்சியை என்ன செய்யப் போறாய்?" என்று என்னிடம் கேட்டார்.

"நாளைக்குச் சாப்பிடுவம்."

"நல்ல ஆட்டிறைச்சியை நீங்கள் ரெண்டு பேரும் சாப்பிட்டு முடிப்பீங்களோ? வீணாப் போகும்." பிறகு அத்தானிடம் திரும்பினார். "நாளைக்குச் சாப்பிட்டிட்டுப் பேந்து போவம். திறப்பை வையுங்கோ."

அத்தான் திறப்பை வைத்த வேகத்தைப் பார்த்தால், அவர் காலையிலிருந்தே அந்த இறைச்சியைத்தான் நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

நான் மேலே போய்ப் படுக்கை விரித்தேன். புதுத் துணி போட்டு, தலையணை தட்டி, தண்ணீர்ச் செம்பு வைத்து, அவர் எனக்கு எப்போதும் செய்வதை எல்லாம் அவருக்குச் செய்தேன். கீழே அக்காவின் தொலைபேசி அடித்தது. கல்வீட்டுக்குள் சரியாகக் கேட்காததால் அவர் வாசலுக்குப் போய்ச் சத்தமாகக் கதைத்தார். சித்தப்பா வீட்டிலிருந்துதான் யாரோ. சன்னல் திறந்தே இருந்தது. ஒவ்வொரு சொல்லும் மேலே வந்தது.

"ஓம், கேக்குது... இல்லை, இண்டைக்கு வரமாட்டம்... இல்லையில்லை, ஹோட்டல் இல்லை. நான் தங்கச்சி வீட்டை நிக்கிறன்."